யார்க் நகரத்துப் பழைய பப்புகளுக்குப் போவது எப்படி

வட இங்கிலாந்தில் இருக்கும் யார்க்குக்கு வரும் நம் ஆட்கள் மின்ஸ்டர் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள், மதில்மேல் கொஞ்ச தூரம் நடக்கிறார்கள், ஷாம்பிள்ஸ் சந்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், சாயங்காலம் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். பப் பக்கம் போவதே இல்லை. ஏன் என்று கேட்டால் நாலைந்து காரணம் வரும். குடிக்கிற இடத்தில் குடும்பத்துக்கு என்ன வேலை, பெண்கள் போகலாமா, சைவமாக ஏதாவது கிடைக்குமா, உள்ளே போய் யாரிடம் என்ன கேட்பது. எல்லாமே நியாயமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதிலும் இருக்கிறது.

நான் இந்த ஊரில் குடியிருக்கிறேன். மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை. என் கணவர் சைவம், மது தொடமாட்டார். எனக்கு ஏல் என்ற இங்கிலாந்து வகை பீர் பிடிக்கும், அதிலும் பீப்பாயிலிருந்து வரும் ஏல். இருவரும் சேர்ந்துதான் பப்புக்குப் போகிறோம். ஆகவே இங்கே சொல்வது குடிப்பவர், குடிக்காதவர் இருவருக்கும்தான்.

எங்கே போவது, எப்படிக் கேட்பது என்பதற்கு முன்னால், ஏன் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் பீர், கேன் பீர், லாகர் எல்லாம் உலகத்தில் எங்கும் கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வீட்டில் குடிக்கலாம். காஸ்க் ஏல், அதாவது பீப்பாய் ஏல், அப்படி இல்லை. பீர் தயாரிக்கும் ப்ரூவரியில் அதை வடிகட்டுவதில்லை, சூடுபடுத்திக் கிருமி நீக்குவதில்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து பப்புக்கு அனுப்புகிறார்கள். நிலவறைக்குள் வந்து இறங்கிய பிறகும் உள்ளே நொதித்தல் நடந்துகொண்டே இருக்கும். நம் தோசை மாவு மாதிரிதான். அரைத்தவுடன் ஊற்றினால் ருசி வராது, பொங்கிய பக்குவத்தில் ஊற்ற வேண்டும், நாள் தாண்டினால் புளித்துப்போகும். அந்தப் பக்குவத்தைப் பார்த்துக்கொள்வது ப்ரூவரி அல்ல, பப் நடத்துகிறவர். அதனால் ஒரே ஏல் ஒரு பப்பில் அருமையாக இருக்கும், அடுத்த தெருவில் சப்பென்று இருக்கும். நல்ல ஏல் குடிப்பது என்பது நல்ல பப்பைத் தேர்ந்தெடுப்பதுதான்.

நிலவறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிடும். பீப்பாயைப் படுக்கை வசமாகக் கிடத்தி, மேல் துளையில் மென்மையான மரத்தால் ஆன சிறு முளை ஒன்றை அடிப்பார்கள். அதன் வழியாக உபரி வாயு கசிந்து வெளியேறும். வேகம் அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கெட்டி மரமுளையைச் செருகுவார்கள். ஈஸ்ட் மெல்ல அடியில் படியும். ஏல் தெளியும். அறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறார்கள் என்று நம் ஊரில் சொல்வது சரியில்லை. கிணற்றடி நிழலின் குளிர்ச்சி அது. ஐஸ் போலக் குளிர வைத்தால் முளைகட்டிய தானியமான மால்ட்டின் மணமும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் நாக்குக்கே எட்டாது.

பீப்பாயைத் திறந்து ஏலை எடுக்கத் தொடங்கியதும், எடுத்த அளவுக்குக் காற்று உள்ளே போகிறது. காற்று பட்டால் மூன்று நாள்தான் நல்ல ருசி. வழக்கமான பீப்பாய்க்கு ஃபிர்கின் என்று பெயர். 9 கேலன் பிடிக்கும், அதாவது 72 பைண்ட். ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல். மூன்று நாளைக்குள் 72 பைண்ட் விற்கும் அளவுக்கு அந்த ஏலுக்கு ஆள் இருக்க வேண்டும். எனவே கவுண்டரில் ஏலை இழுத்து ஊற்றும் பத்துப் பன்னிரண்டு கைப்பம்புகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். கூட்டமில்லாத பப்பில் பத்துப் பம்பு இருந்தால் அதில் பாதி பழசாகத்தான் இருக்கும். நான்கு பம்பும், அதைக் குடிக்க ஊர்க்காரர்களும் இருக்கிற பப்பே என் தேர்வு.

இந்த ஏல் இன்று இருப்பதே குடிகாரர்கள் அல்லாத, ருசி தெரிந்த சாதாரண மனிதர்களின் பிடிவாதத்தால்தான். 1960களில் பெரிய நிறுவனங்கள் வடிகட்டி, கிருமி நீக்கி, வாயு அழுத்தத்தில் தள்ளும் கெக் பீரைப் பப்புகளில் நிறைக்க ஆரம்பித்தன. 1971-ல் நான்கு நண்பர்கள் அதற்கு எதிராக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் கேம்ரா. 1974 முதல் அவர்கள் வெளியிடும் நல்ல பீர் வழிகாட்டி நூலுக்கான பப்புகளை உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான் குடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பப்பின் கதவிலோ ஜன்னலிலோ அந்த நூலின் இந்த வருடத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தைரியமாக உள்ளே போகலாம்.

எப்போது போவது என்பது எங்கே போவது என்பதைப் போலவே முக்கியம். வார நாளில் மதியம் மூன்று மணி வாக்கில் போங்கள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும், வேலை முடிந்து வருகிறவர்கள் வந்திருக்க மாட்டார்கள். பரிமாறுகிறவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். சனிக்கிழமை யார்க் வேறு ஊர் ஆகிவிடும். கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கென்று கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். குதிரைப் பந்தய நாட்களும் அப்படித்தான். ஆகஸ்டில் நடக்கும் ஈபோர் பந்தய வாரத்தில் நகருக்குள் நிற்க இடமிருக்காது. முதல் முறை போகிறவர்கள் இந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

சாப்பிடுவதானால் இன்னொரு கணக்கு இருக்கிறது. பப் இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கும், சமையலறை அப்படி இல்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரண்டரை வரை, அப்புறம் சாயங்காலம் ஐந்து, ஆறு மணியிலிருந்து எட்டரை, ஒன்பது வரை என்பதுதான் பல இடங்களில் வழக்கம். ஒன்பதே கால் மணிக்குப் பசியோடு போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்டும் வறுத்த நிலக்கடலையும்தான் கிடைக்கும். நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை அன்றைக்கு ஒருநாள் முன்னால் தள்ளிவிடுங்கள்.

சரி, கதவைத் திறந்து உள்ளே போய்விட்டீர்கள். யாரும் வந்து அழைத்து உட்கார வைக்கமாட்டார்கள். காலியான மேசையைப் பார்த்து நீங்களே உட்காரலாம். முன்பதிவு என்று சீட்டு வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேசைக்கு யாராவது வருவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. கவுண்டருக்கு நீங்கள்தான் போக வேண்டும். அங்கே ஒருவர் பின் ஒருவராக நிற்கும் வரிசை கிடையாது, ஆனால் முறை உண்டு. யார் முன்னால் வந்தார் என்று பரிமாறுகிறவர் மனதில் வைத்திருப்பார். பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெரியும். கவுண்டர் ஓரத்தில் நின்று கண் பட்டால் தலையசைத்தால் போதும். பணத்தை ஆட்டுவதோ, குரல் கொடுப்பதோ, விரலைச் சொடுக்குவதோ பெரிய மரியாதைக் குறைவு. உங்களை முந்தி வந்தவர் இருக்கும்போது உங்களிடம் கேட்டால், இவர்தான் முதலில் என்று கைகாட்டுங்கள். அந்த ஒரு செயலுக்கே அந்தப் பப்பில் உங்களுக்கு நல்ல பெயர் வந்துவிடும்.

பம்பு ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிறு பலகை மாட்டியிருக்கும். ஏலின் பெயர், ப்ரூவரியின் பெயர், மதுவின் சதவீதம் மூன்றும் அதில் இருக்கும். சதவீதத்தைத் தவறாமல் பாருங்கள். 3.5 முதல் 4.3 வரை என்றால் நிதானமாகக் குடித்துக்கொண்டு பேசலாம். 5.5 தாண்டியதை அரை பைண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. அரை பைண்ட் கேட்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. மூன்று விதமான ஏல் ருசி பார்க்க வேண்டுமானால் மூன்று அரை பைண்ட் அல்லது மூன்றில் ஒரு பங்கு அளவுக் கிளாஸ்கள்தான் சரியான வழி. எது என்று தெரியவில்லையென்றால், இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். கசப்பு அதிகம் வேண்டுமா, இனிப்புச் சாயல் வேண்டுமா என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள். குட்டிக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி ருசி பார்க்கவும் தருவார்கள், காசு வாங்கமாட்டார்கள். கூட்டமான நேரத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் அப்படிக் கேட்காதீர்கள்.

வகைகளைப் பற்றிக் கொஞ்சம். பிட்டர் என்பது செம்பு நிறத்தில், மால்ட்டும் கசப்பும் சம அளவில் இருப்பது. யார்க்ஷயரின் அன்றாட ஏல் அதுதான். மைல்ட் கருமையாக, கசப்புக் குறைவாக, மது குறைவாக இருக்கும். முதல் முறை குடிப்பவருக்கு நான் மைல்ட்டைத்தான் சொல்வேன், கிடைத்தால். பொன்னிற ஏல் மெல்லியது, எலுமிச்சை, பூ போன்ற ஹாப்ஸ் மணம் வரும், வெயில் நாளுக்கு நல்லது. போர்ட்டரும் ஸ்டவுட்டும் வறுத்த தானியத்தின் ருசி உள்ளவை. ஃபில்டர் காப்பி பிடித்தவர்களுக்கு இவை பிடிக்கும் என்பது என் அனுபவம்.

யார்க்கில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்து ஏலைக் குடிக்காமல் போவது சரியில்லை. கீத்லி ஊரில் 1858-ல் தொடங்கிய டிமதி டெய்லரின் லேண்ட்லார்ட் 4.3 சதவீதம். பக்குவமாக வைத்திருக்கும் பப்பில் அதற்கு இணை எனக்குத் தெரியாது. ஆனால் நிலவறையில் அதற்குப் பொறுமை வேண்டும், அவசரப்பட்டுத் திறந்தால் ருசி வராது. அதனாலேயே லேண்ட்லார்ட் நன்றாக இருந்தால் அந்தப் பப்பில் மற்றதும் நன்றாக இருக்கும் என்று நான் கணக்குப் போடுவேன். மாஷம் என்ற சின்னஞ்சிறு சந்தை ஊரிலிருந்து இரண்டு ப்ரூவரிகளின் ஏல் வருகிறது. ஒன்று 1827-லிருந்து இருக்கும் தீக்ஸ்டன். இன்னொன்று அந்தக் குடும்ப நிறுவனம் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, அதே குடும்பத்தின் பால் தீக்ஸ்டன் வெளியே வந்து 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த பிளாக் ஷீப். தீக்ஸ்டனின் ஓல்ட் பெக்யூலியர் 5.6 சதவீதம், கருஞ்சிவப்பு, உலர்பழ வாசனை. குளிர்காலத்துக்கானது.

ஏலைக் கைப்பம்பால் இழுத்து ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாயு தள்ளுவதில்லை, கையின் பலம்தான். இந்த பீர் பம்புக்கு 1797-ல் காப்புரிமை வாங்கிய ஜோசப் பிராமா இதே யார்க்ஷயரில் பிறந்தவர். வடக்கில் பம்பின் வாயில் சிறு துளைகள் கொண்ட ஒரு மூடியை மாட்டுவார்கள், அதற்கு ஸ்பார்க்லர் என்று பெயர். அதன் வழியாகப் பீச்சும்போது பாலாடை போல நுரை கெட்டியாக நிற்கும். தெற்கே லண்டன் பக்கம் அது இல்லாமல் நுரை குறைவாகக் கொடுப்பார்கள். எது சரி என்று இரண்டு பக்கமும் தீவிரமாக வாதிடுவார்கள். நான் வடக்கின் பக்கம். நுரை அதிகமாகி ஏல் குறைந்திருந்தால் கொஞ்சம் நிரப்பித் தாருங்கள் என்று கேட்கலாம். முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள்.

ஏல் கெட்டிருந்தால் என்ன செய்வது? முதல் வாயிலேயே தெரிந்துவிடும். வினிகர் நெடி அடித்தால் அசெட்டிக் பாக்டீரியா வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. இரண்டுமே உடம்புக்கு ஆபத்தில்லை, ஆனால் காசு கொடுத்துக் குடிக்க வேண்டியதும் இல்லை. உடனே கவுண்டருக்கு எடுத்துப் போய், இது கொஞ்சம் சரியில்லை போலிருக்கிறது என்று தணிவாகச் சொல்லுங்கள். நல்ல பப்பில் அவர்களே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வேறு ஊற்றித் தருவார்கள். பாதி குடித்த பிறகு போய்ச் சொன்னால் எடுபடாது. கலங்கலாக இருப்பது மட்டும் குறை என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது பல ப்ரூவரிகள் வேண்டுமென்றே தெளிவிக்காமல் விடுகின்றன.

தெளிவிப்பது என்றதும் சைவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று வருகிறது. காஸ்க் ஏல் சீக்கிரம் தெளிவதற்கு ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும், கிளாஸுக்குப் பெரும்பாலும் வராது. ஆனாலும் சுத்த சைவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பம்பின் பலகையில் வீகன் என்றோ, தெளிவிக்காதது என்றோ போட்டிருந்தால் அதில் இது இல்லை. சந்தேகமிருந்தால் கேளுங்கள். இதைக் கேட்பவர் நீங்கள் மட்டுமல்ல.

குடிக்காதவர்களுக்கு லைம் கார்டியல் என்ற எலுமிச்சை சர்பத்தும் சோடாவும் கலந்து ஒரு பைண்ட் வாங்கிக்கொள்வது மலிவும் நல்லதுமான வழி. என் கணவர் இதைத்தான் கேட்பார். மது நீக்கிய பீர், டீ, காப்பி பெரும்பாலும் இருக்கும். இரண்டு எச்சரிக்கை. சைடர் என்பது இங்கே ஆப்பிள் ஜூஸ் அல்ல, 4.5 முதல் 6 சதவீதம் வரை மது உள்ள பானம். இனிப்பாக இருப்பதால் தெரியாமல் இறங்கிவிடும். ஜிஞ்சர் பீரிலும் மதுவுள்ளது, மது இல்லாதது என்று இரண்டு வகை உண்டு. குழந்தைக்கு வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் அங்கேயே அப்போதே கொடுத்துவிட வேண்டும். கவுண்டரில் வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் வழக்கமில்லை. பரிமாறியவர் மிக நன்றாக நடந்துகொண்டார் என்று தோன்றினால், உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். அவர் ஒரு சிறு தொகையைச் சேர்த்துக்கொள்வார். நண்பர்களோடு போனால் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். இதில் உங்கள் முறை வந்ததும் எழுந்துவிடுங்கள், யாரும் நினைவுபடுத்தமாட்டார்கள், ஆனால் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். மது குடிக்காதவரும் தன் முறைக்கு வாங்கித் தருவார், அவருக்கும் மற்றவர்கள் வாங்கித் தருவார்கள்.

இனி எந்தெந்தப் பப். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் நிலையத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். அங்கேயே யார்க் டாப் இருக்கிறது. 1907-ல் ரயில் பயணிகளுக்காகக் கட்டிய தேநீர்க் கூடத்தை மீட்டு 2011-ல் பப் ஆக்கினார்கள். பழைய கண்ணாடிக் கூரை, உயரமான விதானம். பம்பு அதிகம் என்றாலும் வந்து போகிற கூட்டமும் அதிகம் என்பதால் ஏல் தேங்குவதில்லை.

அங்கிருந்து மதிலுக்குள் நுழைந்து பிஷப்ஹில் பகுதிக்கு நடந்தால் கோல்டன் பால். சுற்றுலாப் பயணிகள் கண்ணில் படாத வீட்டுத் தெருக்களுக்கு நடுவே இருக்கிறது. 1929-ல் ஜான் ஸ்மித்ஸ் ப்ரூவரி புதுப்பித்த உள்ளமைப்பு அப்படியே இருக்கிறது, தனித்தனிச் சிறு அறைகளோடு. 2012 முதல் ஊர்க்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். பப் என்றால் என்ன என்று ஒரே இடத்தில் காட்ட வேண்டுமானால் நான் யாரையும் இங்கேதான் அழைத்துப் போவேன். திறக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊஸ் ஆற்றைக் கடந்தால் கிங்ஸ் ஸ்டெய்த் படித்துறையில் கிங்ஸ் ஆர்ம்ஸ். ஆறு பெருகினால் முதலில் நனைவது இதுதான். எந்த வருடம் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று குறித்து வைத்திருக்கும் பலகையைத் தேடிப் பாருங்கள். 2000 நவம்பரில் ஆறு வழக்கமான மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் ஏறியது. இது சாமுவேல் ஸ்மித் ப்ரூவரியின் பப். டாட்காஸ்டரில் 1758-லிருந்து இருக்கும் ப்ரூவரி. மரப்பீப்பாய்களைத் தாங்களே செய்து, தங்கள் பிட்டரை அதில்தான் அனுப்புகிறார்கள். அவர்களுடைய பப்புகளில் பாட்டு கிடையாது, டிவி கிடையாது, போனில் பேசவும் தடை. பேச்சு மட்டும்தான். அந்தக் கட்டுப்பாட்டை நான் விரும்புகிறேன். அவர்களுடைய பப்புகள் அவ்வப்போது மூடியிருப்பதும் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஃபாஸ்கேட் தெருவில் புளூ பெல். இருபது பேர் வந்தால் நிரம்பிவிடும் போலத் தோன்றும் அளவு சிறியது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, பக்கவாட்டில் நின்று குடிக்க ஒரு நடை. 1903-ல் அமைத்த மரவேலையும் கண்ணாடியும் அப்படியே இருப்பதால் கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1990கள் வரை அந்த முன்னறையில் பெண்களை உட்கார விட்டதில்லை. நான் போனால் அந்த முன்னறையில்தான் உட்காருவேன். இங்கே கூட்டமாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேர் போதும்.

பீஸ்ஹோம் கிரீனில் பிளாக் ஸ்வான் 15ஆம் நூற்றாண்டு மரச்சட்டக் கட்டடம். யார்க்கின் மேயராக இருந்த வில்லியம் போவ்ஸ் குடும்பத்தின் வீடாக இருந்தது. தாழ்ந்த உத்தரம், சாய்ந்த தரை, கணப்பு. ஸ்டோன்கேட் தெருவில் ஓல்ட் ஸ்டார் இன்னைத் தேட வேண்டியதில்லை, 1733-லிருந்து தெருவுக்குக் குறுக்கே பாலம் போல அதன் பெயர்ப்பலகை நிற்கிறது. அந்தத் தெருவின் கூட்டம் முழுக்க அதற்குள்ளும் வரும் என்பதால் காலையில் திறந்தவுடன் போய்விடுவது நல்லது. ஒரே நாளில் இத்தனையும் வேண்டாம். இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். இதில் நம்மவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய இருப்பதால் விவரமாகச் சொல்கிறேன். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கறியை மட்டும் தவிர்த்தால் போதாது, கொழுப்பையும் கவனிக்க வேண்டும். யார்க்ஷயரில் மீனையும் உருளைக்கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், இன்றும் பல இடங்களில் அப்படித்தான். வறுத்த உருளைக்கிழங்கிலும் அது இருக்கலாம், வாத்துக் கொழுப்பாகவும் இருக்கலாம். யார்க்ஷயர் புட்டிங் என்பது மைதா, முட்டை, பால் கரைத்த மாவைக் கொதிக்கிற கொழுப்பில் ஊற்றி அடுப்பில் உப்ப வைப்பது. அந்தக் கொழுப்பும் மாட்டுடையதாக இருக்கலாம். சூயெட் என்று போட்ட பை (மாவுக்குள் மூடிச் சுடும் பண்டம்), டம்ப்ளிங் (மாவு உருண்டை) எல்லாம் மாட்டின் சிறுநீரகக் கொழுப்பு சேர்த்தவை. கிரேவி பெரும்பாலும் மாட்டுக்கறிச் சாற்றில் செய்தது, கோழி கேட்டாலும் அதே கிரேவி வரலாம். எதில் பொரிக்கிறீர்கள், கிரேவி எதில் செய்தது என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும். ஒவ்வாமை விவரங்களைச் சொல்வது இங்கே சட்டப்படி கடமை என்பதால் சமையலறையில் கேட்டு வந்து சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது.

சைவர்களுக்கு ப்ளவ்மன்ஸ் என்ற தட்டு நல்ல தேர்வு. ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காய ஊறுகாய், சட்னி, ஆப்பிள். பன்றிக்கறித் துண்டு வைப்பார்கள், வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லுங்கள். காளான் பை, பருப்புக் கொட்டைகளை அரைத்துச் சுடும் நட் ரோஸ்ட், அடுப்பில் சுட்ட முழு உருளைக்கிழங்கில் பீன்ஸும் சீஸும் கிடைக்கும். நசுக்கிய பட்டாணி இங்கே தனிப் பெருமை, புதினா சாஸ் ஊற்றிச் சாப்பிடுவார்கள், நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். சில சீஸ்களில் பாலை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட் இருக்கும், சைவக் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காரம் போதவில்லை என்றால் ஆங்கிலக் கடுகு விழுது கேளுங்கள், மூக்கில் ஏறும். பிக்காலில்லி என்ற மஞ்சள் நிறக் காய்கறி ஊறுகாயும் கேளுங்கள். இந்திய ஊறுகாயைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கே செய்ய ஆரம்பித்தது, கடுகும் மஞ்சளும் போட்டது.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் பை ஒன்றாவது சாப்பிட வேண்டும். ஏலில் வேகவைத்த கறியை மாவுக்குள் மூடிச் சுட்டது. அடியும் பக்கமும் மேலும் மாவு சுற்றியிருந்தால்தான் பை. கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மேலே ஒரு மாவு மூடி வைத்துத் தருவதும் உண்டு, அது எனக்கு ஏமாற்றம்தான். எந்த வகை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பைக்கு பிட்டர் பொருந்தும். வென்ஸ்லிடேல் சீஸுக்குப் பொன்னிற ஏல். பேரீச்சம்பழம் போட்ட ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கோடு போர்ட்டர் அரை பைண்ட் குடித்துப் பாருங்கள், அந்தச் சேர்க்கைக்காகவே நான் குளிர்காலத்தை எதிர்பார்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், அதாவது அடுப்பில் சுட்ட கறியும் காய்கறிகளும், இந்த ஊர்க் குடும்பங்களின் வாரச் சாப்பாடு. தாத்தா பாட்டி, குழந்தைகள், நாய் எல்லோரும் வருவார்கள். முன்பதிவு அவசியம், இரண்டு மணிக்குள் போய்விடுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். சாப்பாட்டையும் பல பப்புகளில் கவுண்டரில் போய் மேசை எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும், எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு எழுந்திருங்கள்.

குழந்தைகளைப் பெரியவர்களோடு அழைத்துப் போகலாம், ஆனால் அது பப்பைப் பொறுத்தது, பல இடங்களில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் அனுமதி இல்லை. மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். இருபத்தைந்துக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், மாணவர்கள் பாஸ்போர்ட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். 2007 ஜூலை முதல் உள்ளே புகைக்கத் தடை என்பதால் அறை சுத்தமாக இருக்கும், அதற்கென்று வெளியே இடம் ஒதுக்கியிருப்பார்கள். வண்டி ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். எவ்வளவு வரை சட்டம் அனுமதிக்கிறது என்று கணக்குப் போடுவது தவறான இடத்தில் தொடங்குவது. மையப் பகுதி முழுக்க நடந்தே சுற்றலாம், பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் போகிறேன். மதியத்தில், சிறிய பப்பில், புத்தகத்தோடு உட்கார்ந்தால் யாரும் தொந்தரவு செய்வதில்லை. பேச விருப்பமென்றால் கவுண்டர் ஓரமாக உட்காருங்கள், அங்கே உட்காருவதே பேசத் தயார் என்பதற்கு அடையாளம். நாயைப் பற்றியோ, ஏலைப் பற்றியோ, மழையைப் பற்றியோ பேச்சு தொடங்கும். பேச விருப்பமில்லையென்றால் மூலை மேசை. கவுண்டரின் ஒரு முனையில் ஒரே ஸ்டூல் காலியாக இருந்தால் அது பல வருடமாக ஒருவர் உட்காரும் இடமாக இருக்கலாம், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடிப்பார்கள். அது கடைசியாக வாங்கிக்கொள்ளச் சொல்லும் மணி. அடுத்த மணிக்குப் பிறகு ஊற்றமாட்டார்கள், கையில் இருப்பதைக் குடித்து முடிக்க இருபது நிமிடம் போலத் தருவார்கள். எழுந்து போகும்போது காலிக் கிளாஸ்களைக் கவுண்டரில் வைத்து, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஏல் நன்றாக இருந்திருந்தால் எந்த ஏல் என்று பெயரோடு சொல்லுங்கள். நிலவறையைப் பார்த்துக்கொள்கிறவரின் காதுக்கு அது போய்ச் சேரும்.